ஓலைப்புரைக்கு வயது என்ன?

கொல்லத்தில் கி.பி. 849இல் எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடுகளைக் கிறித்தவ வரலாற்றுக்காகப் படித்தவர்கள் உண்டு. அரபிக்கடல் வணிகத்துக்காகப் படித்தவர்களும் உண்டு. கூரைக்காகப் படித்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், மருவான் சபீர் ஈசோ கட்டிய தேவாலயமான தரிசாப்பள்ளிக்குச் சில ஈழவர் குடிகளை விட்டுக்கொடுக்கிறார். அவர்களிடம் இனி எந்தெந்த வரியை வாங்கக் கூடாது என்றும் ஒரு வரிசை சொல்கிறார். மரம் ஏறும் ஏணிக்கு ஏணிக்காணம். காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம். அடுத்து, மனைமேய்ப்பான் கொள்ளும் இறை. அதாவது, வீட்டுக்குக் கூரை மேய்வதையொட்டி வாங்கிய வரி. தமிழில் ‘இறை’ என்றால் வரி. கூரையின் தாழ்ந்த விளிம்புக்கும் அதுவே பெயர். பனையேறி தலைக்குமேல் போட்ட ஓலையிலும் அரசுக்கு ஒரு பங்கு இருந்திருக்கிறது.

அந்த வேணாடுதான் பின்னால் திருவிதாங்கூர் ஆனது. அதன் தென்கோடியில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செப்பேட்டில் இருக்கும் அந்த வினைச்சொல்லை இன்றும் இங்கே கேட்கலாம். ‘கூரை வேய வேண்டும்’ என்று நாஞ்சில் நாட்டுக் கிழவி சொல்ல மாட்டாள். ‘பெரை மேயணும்’ என்பாள். பள்ளிக்கூடத்தில் இதைக் கொச்சை என்று திருத்துவார்கள். திருத்துகிறவர் 1,170 ஆண்டுப் பழைய ஒரு செப்பேட்டையும் சேர்த்தே திருத்துகிறார்.

சொல் அத்தனை பழையது. ஆனால் அன்று மேய்ந்த கூரையில் ஒரு துண்டு ஓலைகூட மிஞ்சியிருக்க வழியில்லை. பழைய ஓலை வீட்டைப் பற்றி எழுத உட்காரும் யாருக்கும் முதல் முட்டு இங்கேதான். கல்வெட்டுள்ள கோவிலுக்கு வயது சொல்லலாம். உத்திரத்தில் கொல்லம் ஆண்டு செதுக்கிய ஓட்டு வீட்டுக்கும் சொல்லலாம். ஓலைப்புரைக்கு எதை வைத்து வயது சொல்வது? தென்னோலை ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு. பனையோலை இன்னும் ஓரிரு ஆண்டு கூடுதலாகத் தாங்கும். கட்டிய நாரும் கயிறும் ஓலையோடு போகும். ஆனால் வைரம் பாய்ந்த பனங்கைகள் இரண்டு தலைமுறைக்கு நிற்கும். ஒரு வீட்டைப் பிரித்து இன்னொரு வீட்டுக்கு ஏற்றினாலும் நிற்கும். மழை படாத மண்சுவர் அதைவிடக் கூட நாள் இருக்கும். வீடு நிற்கும் தறை, கிணறு, முற்றம், வேலியோரப் புளி ஆகியவற்றுக்கு இன்னொரு கணக்கு. ஒரே வீட்டுக்குள் நான்கு வயதுகள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடுகளை நிரந்தரம், அரை நிரந்தரம், தற்காலிகம் என்று பிரிக்கிறபோது பொருளைத்தான் பார்க்கிறது. மண்சுவரும் ஓலையுமாக ஒரே தறையில் நூறாண்டு நின்ற வீடு தற்காலிகம். போன மாதம் ஒப்பந்தக்காரர் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனது நிரந்தரம்.

பெயரிலிருந்து தொடங்கலாம். குமரி மாவட்டத்துப் பேச்சில் ‘பெரை’ என்பது புரை. அறப்புரை, உரப்புரை, படிப்புரை, ஓலைப்புரை என்று அது பல கூட்டுச்சொற்களில் வாழ்கிறது. மலையாளத்தில் ‘புர’. ஆனால் இது பொதுவாக எந்த வீட்டையும் குறித்த சொல் அல்ல. வில்லியம் லோகன் 1887இல் வெளிவந்த ‘மலபார் மேனுவல்’ நூலில், ஒருவன் வீட்டின் பெயரே அவன் சாதியைச் சொல்லிவிடும் என்று காட்டுகிறார். பறையருக்குச் சேரி, செறுமருக்குச் சாளை, தீயருக்குப் புரை அல்லது குடி, நாயருக்கு வீடு, நம்பூதிரிக்கு இல்லம், அவர்களில் உயர்ந்த நிலையினருக்கு மனை, அரசனுக்குக் கோவிலகம் அல்லது கொட்டாரம். அவர் எழுதியது மலபாரைப் பற்றி. என்றாலும் இந்த அடுக்கு திருவிதாங்கூர்க்காரனுக்கு அந்நியமாகத் தோன்றியிருக்காது. கல்குளம் பக்கத்தில் ‘சாளை’ என்ற சொல்லை யார் வீட்டுக்கு வைத்தார்கள், ‘வீடு’ என்பதை யாருக்கு வைத்தார்கள் என்று அங்கே எழுபது தாண்டிய ஒருவரிடம் கேட்டால் போதும். நாம் இன்று அழகாக உச்சரிக்கும் ‘ஓலைப்புரை’ என்ற பெயருக்குள் ஒரு படிக்கட்டு இருக்கிறது.

ஓலை வீடு ஒரே மாதிரி இருந்ததும் இல்லை. மாவட்டத்தின் குறுக்களவு சிறிது; கிழக்கிலிருந்து மேற்கே பேருந்தில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் கூரை மூன்று முறை மாறியிருக்கும். பழையாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஊர்களில், அதாவது சரியான பொருளில் நாஞ்சில் நாட்டில், வயலில் உழைத்தவர்கள் குடிசைக்கு வைக்கோல் மலிவாகக் கிடைத்தது. அதே அகஸ்தீஸ்வரத்தின் மேட்டு விளைகளில் பனை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் வரவரத் தென்னை. கடற்கரையில் மணலில் கம்பு நட்டுச் சுவரும் கூரையும் தென்னோலையாலேயே அமைந்த மீனவர் வீடுகள். கையெட்டும் தூரத்தில் எது விளைந்ததோ அதுவே தலைக்குமேல் ஏறியது. ‘பெரும்பாணாற்றுப்படை’யில் பாணன் நடக்கும் வழியிலும் இப்படித்தான் கூரை மாறும். எயினர் குடிசையில் ஈந்தின் இலை. கூரை முள்ளம்பன்றியின் முதுகு போலச் சிலிர்த்து நிற்கும். தோட்டத்து உழவர் மனையில் வாடிய தென்னோலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் நிலம் மாறுவதைக் கூரையை வைத்தே காட்டிவிடுகிறார். வட்டாரக் கட்டடக்கலை பற்றிப் பாடநூல் எழுதுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

இனிக் கட்டடத்துக்கு வருவோம். வீட்டின் நீள அகலத்தை முடிவு செய்வது யார்? வீட்டுக்காரன், தச்சன், மனையடி சாத்திரம் என்று பதில் வரும். எனக்குத் தெரிந்து, முதலில் முடிவு செய்வது ஓலை.

ஓலை நீரைத் தடுப்பதில்லை, வழியவிடுகிறது. ஓர் ஓலையிலிருந்து அடுத்த ஓலைக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று நீர் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் ஊறும், ஊறினால் அழுகும். அதனால் சரிவு செங்குத்தில் பாதியாவது, ஏறக்குறைய 45 பாகையாவது, இருந்தாக வேண்டும். இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்ளகலம் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். நடுவில் முகடு சுவரின் தலையிலிருந்து ஐந்தடி உயரும். முகட்டிலிருந்து சுவர் வரை கழுக்கோல் ஏழடி. சுவரைத் தாண்டி இரண்டரை அடி வெளியே எறப்பு நீண்டால் இன்னும் மூன்றரை அடி. ஆகப் பத்தரை அடிக் கைகள் போதும். ஒரு முதிர்ந்த பனையைப் பிளந்தால் இவ்வளவு கிடைத்துவிடும். அதே வீட்டை இருபதடி அகலமாக்கினால் முகடு சுவருக்கு மேல் பத்தடி. கழுக்கோல் பதினெட்டடியை நெருங்கும். அந்த நீளத்தில் வளையாத கை வேண்டும், நடுவே தாங்க வலுவான உத்திரமும் தூணும் வேண்டும், காற்றுக்கு முகம் கொடுக்கும் கூரையும் வெகுவாகக் கூடிவிடும். ஆகவே ஓலை வீடு அகலத்தில் வளராது. நீளத்தில் வளரும். அல்லது பக்கவாட்டில் ஒரு சாய்ப்பு இறக்கும். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் ஒரு சாய்ப்பு, ஆடு பெருகினால் இன்னொன்று. பழைய வீடுகளின் தரைப்படம் ஏன் அப்படி ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது என்பதற்குச் சாத்திர நூல்களில் காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது விளைவு எறப்பில் தெரியும். மண்சுவர் வெயிலுக்கு அஞ்சாது, மழைக்கு அஞ்சும். செம்மண்ணை நீர்விட்டு மிதித்துப் புளிக்கவைத்து, ஒரு வரி வைத்து, அது இறுகிய பிறகே அடுத்த வரி என்று பல நாள் எழுப்பிய சுவர் இரண்டு பருவமழைச் சாரலில் கரைந்துவிடக் கூடாது. இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. சாரல் இரு திசையிலிருந்தும் அடிக்கும். எனவே நான்கு பக்கமும் எறப்பு தாழ்ந்து வரவேண்டும். சுவர் ஆறரை அடி என்றால், 45 பாகைச் சரிவில் இரண்டரை அடி வெளியே நீளும் எறப்பின் நுனி தரையிலிருந்து நான்கடியில் தொங்கும். வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் குனிய வேண்டும். பணிவைக் கற்பிக்கவே முன்னோர் வாசலைத் தாழ வைத்தார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. வாசலைத் தாழ்த்தியது மண்சுவரும் சாரலும்.

எறப்பு தாழ்ந்தால் உள்ளே இருட்டு. சன்னல் வைத்தும் பயனில்லை, கூரை மறைக்கும். அதனால் வாழ்க்கை வெளியே நடந்தது. நெல் குத்துவது, ஓலை முடைவது, பேன் பார்ப்பது, பிள்ளைக்குப் பால் கொடுப்பது, சண்டை போடுவது எல்லாம் திண்ணையிலும் முற்றத்திலும். அறை என்பது பொருள் வைக்கவும், மழைக்கு ஒதுங்கவும், பிறக்கவும் சாகவும். சாணம் மெழுகிய முற்றத்தைச் சேர்க்காமல் ஓலைப்புரையின் பரப்பளவைச் சொன்னால் அது பொய்க் கணக்கு. இன்றைய வீட்டு வசதித் திட்டங்கள் செய்வது இந்தப் பொய்க் கணக்கைத்தான். ‘கலைஞரின் கனவு இல்லம்’ 360 சதுர அடி தருகிறது. பழைய குடிசை இருநூறு சதுர அடி இருந்திருக்கலாம், ஆனால் அதன் முன்னால் ஐந்நூறு சதுர அடி முற்றமும் வீட்டின் பகுதியாக இருந்தது.

காற்றையும் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று ஓலைக்கூரைக்கு எதிரி. இங்குள்ள பழைய கூரைகள் பெரும்பாலும் நான்கு பக்கமும் சரிந்து இறங்குபவை. முக்கோணச் சுவர் இல்லாததால் காற்று மோத ஒரு தட்டையான முகம் இல்லை. கூரை முழுவதும் கட்டப்பட்டது. ஆணி அடித்தது அல்ல. பனைநாராலும் தென்னங்கயிற்றாலும் கட்டிய மூட்டு காற்றில் சற்று அசைந்துகொடுக்கும். ஆணி அடித்த மூட்டு அசையாமல் நின்று பிளக்கும். கயிறு வெயிலில் இற்றுப்போகும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் ஓலையும் போயிருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவார்கள்.

அடுக்களைப் பக்கத்துக் கூரை மற்ற இடத்தைவிட நீடிக்கும். புகைதான் காரணம். ஈரம் போகும், பூச்சி அண்டாது. விதைக்கென்று எடுத்துவைத்த கதிரும் பூசணி விதையும் அடுப்புக்கு மேலே உறியிலோ பரணிலோ இருக்கும். கருத்து மினுங்கும் அந்த உட்கூரையை வியந்து எழுதியவர்கள் உண்டு. அந்தப் புகையை நாற்பது ஆண்டு மூச்சில் இழுத்த பெண்ணிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். பனைவிளைகளில் அக்கானி என்னும் பதனீரைக் காய்ச்சும் அடுப்பை மட்டும் வீட்டோடு சேர்க்காமல் தனிக் கொட்டகையில் வைத்தார்கள். கருப்பட்டிப் பதம் வரும் வரை மணிக்கணக்கில் எரிய வேண்டிய தீ அது. மாசி, பங்குனியில் காய்ந்து சருகான கூரைக்குப் பக்கத்தில் அதை வைக்க யாருக்கும் துணிவில்லை.

தீ என்றதும் இந்தக் கட்டுரையின் கசப்பான பகுதிக்கு வந்துவிட்டோம்.

ஓலை வீடு இயற்கையோடு இயைந்த வாழ்வின் தேர்வு என்று இன்று எழுதுகிறோம். தேர்வா அது? திருவிதாங்கூரில் ஓடு போடும் உரிமை எல்லாச் சாதிக்கும் இருக்கவில்லை. இலண்டன் மிஷன் ஊழியர் சாமுவேல் மேற்றீர் 1871இல் வெளியிட்ட ‘தி லேண்ட் ஆஃப் சாரிட்டி’ நூலில், சாணார்மீது இருந்த தடைகளை அடுக்குகிறார். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பொன் நகை கூடாது, ஒரு நிலைக்கு மேல் வீடு உயரக் கூடாது. பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது என்ற தடையும் இதே வரிசையில்தான் வருகிறது. உடம்பின் மேல் எது இருக்கலாம் என்று சொன்ன அதே அதிகாரம் வீட்டின் மேல் எது இருக்கலாம் என்பதையும் சொன்னது. கையில் காசு இருந்தும் ஓலைக்குக் கீழே இருந்தவர்கள் உண்டு. பத்மநாபபுரம் கொட்டாரத்தின் மரவேலையையும் ஓட்டுக்கூரையையும் பார்க்கிறவர்கள், 1795 வரை தலைநகராக இருந்த அந்த ஊரைச் சுற்றி எத்தனை மைலுக்கு ஓலை மட்டுமே இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

தோள்சீலைப் போராட்டத்தின் கடைசிக் கட்டத்தில், 1858 முடிந்து 1859 தொடங்கும் மாதங்களில், நாஞ்சில் நாட்டில் சிற்றாலயங்களும் பள்ளிக்கூடங்களும் கொளுத்தப்பட்டன. 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வந்து பெண்கள் மேலுடலை மறைத்துக்கொள்ள ஒருவகை அனுமதி தந்தது. அந்தத் தீவைப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒருவனை ஓலைக்குக் கீழேயே வைத்திருந்தால் அவனை மிரட்ட ஒரு பந்தம் போதும். ஓட்டுத் தடைக்கு இப்படி ஒரு பயன் இருந்தது என்று எந்த ஆவணமும் எழுதிவைக்காது. இது என் ஊகம்தான். ஆனால் வீணான ஊகம் அல்ல என்று நினைக்கிறேன்.

இதே நிலத்தில் இதே காலத்தில் அய்யா வைகுண்டர் (1809–1851) சுவாமித்தோப்பில் இருந்துகொண்டு ஊர் ஊராக நிழல் தாங்கல்களை எழச் செய்தார். கல் கோபுரமும் சிலையும் வேண்டாத எளிய இடங்கள் அவை. வழிபாடும் படிப்பும் அங்கேயே. ‘நிழல் தாங்கல்’ என்ற பெயரை ஒரு கட்டடக்காரன் காதோடு கேட்டுப் பாருங்கள். கூரை செய்யும் வேலை அவ்வளவுதான். கோவிலுக்குள் விடப்படாதவர்களுக்கு ஒரு நிழல் போதும் என்று தொடங்கியது, இன்று நூற்றுக்கணக்கில் காங்கிரீட்டிலும் ஓட்டிலும் நிற்கிறது. அவற்றைக் காங்கிரீட்டுக்கு மாற்றியவர்களைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. இருநூறு ஆண்டு ஓலைக்குக் கீழே இருக்கச் சொல்லப்பட்டவர்கள் முதல் காசு கையில் வந்ததும் தளம் போட்டார்கள். அது அழகியல் பிழை அல்ல.

ஓலையின் வடிவத்தைக் கல்லில் பார்க்க வேண்டுமானால் மாமல்லபுரம் போகலாம். ஏழாம் நூற்றாண்டில் செதுக்கிய திரௌபதி ரதம், ஓலை வேய்ந்த குடிலின் நேர் நகல். சுசீந்திரம் உட்பட எந்தத் தமிழ்க் கோவில் சுவரிலும் வளைந்து தொங்கும் கபோதம், கொடுங்கை என்பவையும் எறப்பின் நினைவே. கடவுளுக்கு ஓலையின் வடிவத்தைக் கல்லில் நிலைக்கவைத்த சமூகம், ஓலைக்குக் கீழே இருந்தவனை அந்தக் கோவிலுக்குள் விடத் திருவிதாங்கூரில் 1936 வரை காத்திருந்தது.

கூரை மேயும் நாளுக்கு வருவோம். இந்த வீட்டின் உண்மையான வரலாறு ஆண்டுக்கொருமுறை வந்த அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. வைகாசிப் பாதியில் தொடங்கும் மழைக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். ஓலைக்கான வேலை அதற்கும் முன்னதாகவே தொடங்கிவிடும். பதனீர்ப் பருவத்துக்காகப் பனையைச் சுத்தம் செய்யும்போது கழிக்கும் ஓலையை விரித்து அடுக்கி, மேலே கனம் வைத்து அமுக்கித் தட்டையாக்குவார்கள். தென்னோலையை நடுத்தண்டோடு இரண்டாகப் பிளந்து, குளத்திலோ வாய்க்காலிலோ ஊறப்போட்டு, பிறகு முடைவார்கள். முடைவது பெண்கள் வேலை; ஓலை முடைந்து விற்ற காசில் வீடு நடத்தியவர்கள் மேற்குத் தாலுகாக்களில் ஏராளம். இருபதடி நீளம், பத்தடி அகலம் உள்ள வீட்டுக்கு எறப்பையும் சேர்த்துக் கூரையின் சரிவுப் பரப்பு சுமார் 530 சதுர அடி. முடைந்த ஓலை ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம். அரையடி மட்டும் வெளியே தெரியும்படி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்டினால் எந்த இடத்திலும் மூன்று அடுக்கு ஓலை இருக்கும். அப்படியானால் ஏறக்குறைய 180 ஓலை, அதாவது தொண்ணூறு மட்டை. ஒரு தென்னை மாதத்துக்கு ஒரு மட்டை, ஆண்டுக்குப் பன்னிரண்டு மட்டைதான் தரும். இந்தச் சின்ன வீட்டுக்கே எட்டுத் தென்னையின் ஓராண்டு விளைச்சல் தேவை. எட்டுத் தென்னை சொந்தமாக இல்லாதவன் யாரிடமாவது போய் நிற்க வேண்டும். பெரிய விளைக்காரனின் தென்னைக்கும் குடிசைக்காரனின் கூரைக்கும் நடுவே இருந்த கடன், வேலை, நன்றி, அவமானம் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்காமல் ‘செலவில்லாத வீடு’ என்று சொல்வது எனக்கு உவப்பில்லை.

அன்று விடியும்போதே பழைய ஓலையைப் பிரித்துக் கீழே தள்ளுவார்கள். தேளும் எலியும் சில சமயம் பாம்பும் இறங்கும். உளுத்த கையை மாற்றுவார்கள். கீழ்விளிம்பிலிருந்து மேல்நோக்கி வரிசை வரிசையாகக் கட்டிக்கொண்டு போய், கடைசியில் முகட்டை மூடுவார்கள். பொழுது சாய்வதற்குள் முடியாவிட்டால் குடும்பம் வானத்துக்குக் கீழே. ஆகவே அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாரும் வேண்டும். கூலியைவிட மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் முக்கியம். இன்று எனக்கு, நாளை உனக்கு. பிரித்த பழைய ஓலை தென்னை மூட்டுக்கு உரமாகப் போகும். வீட்டிலிருந்து குப்பை என்று எதுவும் மிஞ்சாது. ஜப்பானில் சிரகாவா என்ற மலைக்கிராமத்தில் புல் வேய்ந்த பெரிய வீடுகள் இருக்கின்றன; 1995இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அங்கும் ஊர் கூடித்தான் கூரை மாற்றுகிறது, அந்தக் கூட்டுவேலைக்கு ‘யுயி’ என்று பெயர். ஒரு வித்தியாசம்: அங்கே புல்வேய்ந்த கூரை முப்பது நாற்பது ஆண்டு தாங்கும். நம் ஓலைக்கு ஆண்டுதோறும் ஊர் கூட வேண்டியிருந்தது. கூடுவது நின்றால் அடுத்த மழையில் வீடும் நிற்காது.

நின்றது. ஒரே காரணத்தால் அல்ல. மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலை, மேற்குக் கரை முழுவதற்கும் எடை குறைந்த ஓட்டைப் பழக்கியது. சாதித் தடை தளர்ந்த பிறகு கையில் காசு சேர்ந்தவர்கள் முதலில் வாங்கியது அந்த ஓடுதான். பனையேறிகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்; மரம் ஏற ஆளில்லை, ஆகவே ஓலையும் இல்லை. ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் வெளியிட்ட ‘புத்தம் வீடு’ நாவல் இந்த மாவட்டத்துப் பனைவிளை வாழ்க்கை மாறிக்கொண்டிருந்த காலத்தை ஒரு வீட்டை நடுவில் வைத்துச் சொல்கிறது. கூரைகளின் சமூக வரலாறு எழுதுகிறவர் அதைத் தவிர்க்க முடியாது. மேற்கே இரப்பர் ஏறியது. இரப்பர் இலையால் கூரை மேய முடியாது.

2004ஆம் ஆண்டு ஓலைக்கு இரண்டு முறை தண்டனை கொடுத்தது. ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் ஓலைக்கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பிறகு தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் என்ற இடத்தில் ஓலைக்கு அனுமதி இல்லாமல் போனது, போக வேண்டியதும்தான். டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடிக் கடற்கரையை அடித்துக்கொண்டு போனது. அங்கே மீண்டும் எழுந்தவை காங்கிரீட் வீடுகள். அரசும் 2010இல் ‘கலைஞர் வீட்டு வசதித் திட்ட’த்தை அறிவித்தபோது 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டில் மாற்றுவது என்று இலக்கு வைத்தது. 2024இல் தொடங்கிய ‘கனவு இல்லம்’ 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்கிறது, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். ‘குடிசையில்லாத் தமிழ்நாடு’ என்பது முழக்கம். ஓலைக்குக் கீழே வாழ்ந்த யாரும் அதை எதிர்த்து ஊர்வலம் போனதில்லை.

இன்று மாவட்டத்தில் ஓலையைப் பார்க்க வேண்டுமானால் மாட்டுத் தொழுத்திலும் விறகுப் புரையிலும் பார்க்கலாம். அல்லது சுற்றுலா விடுதிகளில். அங்கே சில இடங்களில் தொங்குவது ஓலையும் அல்ல. ஓலை மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக். சீக்கிரம் இற்றுப்போகாது, யாரையும் கூப்பிட்டு மேய வேண்டியதில்லை.

ஓலைப்புரையை அருங்காட்சியகத்தில் வைத்துக் காப்பாற்றலாம் என்பார்கள். முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ரா, தென்மாநிலப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்திக் காட்டுகிறது, நல்ல வேலை. செட்டிநாட்டு மரத்தூணை அப்படிக் கொண்டுவரலாம். ஓலைப்புரையைக் கொண்டுவந்தால் இரண்டாம் ஆண்டு மேய ஆள் வேண்டும், ஊறப்போடக் குளம் வேண்டும், எட்டுத் தென்னை வேண்டும். பொருளை மட்டும் எடுத்துப் பெட்டிக்குள் வைக்க முடியாத கட்டடம் இது. மிஞ்சுவது அதன் அளவுகளும் சொற்களும்தான். இரண்டும் மனிதர் தலைக்குள் இருக்கின்றன. அந்தத் தலைகளுக்கு இப்போது எண்பது வயது.

எனவே இதைப் படிக்கிற குமரி மாவட்டத்துக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் விளையில் பழைய மண்சுவர் ஏதாவது இன்னும் நின்றால், ஜேசிபி வருவதற்கு முன்னால் ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு போங்கள். சுவரின் உயரம், கனம், அகலம், எறப்பு தரையிலிருந்து எத்தனை அடி, முகடு எத்தனை அடி, வாசல் எந்தத் திசை என்று ஒரு தாளில் குறியுங்கள். வீட்டில் மூத்த பெண் யாராவது இருந்தால் கழுக்கோலுக்கும் கட்டுக்கும் முடைந்த ஓலைக்கும் அவர் என்ன பெயர் சொல்கிறார் என்பதை அவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாமல். ஓலை எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன கொடுத்தார்கள், யார் வந்து மேய்ந்தார்கள் என்றும் கேளுங்கள். முதல் மூன்று கேள்விக்குப் பதில் சட்டென்று வரும். கடைசிக் கேள்விக்கு அவர் சற்று நேரம் எடுத்துக்கொள்வார். காத்திருங்கள்.